ஒரு லென்ஸை எத்தனை முறை எண்ணுவது?

லாப நோக்கற்ற நிறுவனங்களின் விற்பனையையும் செலவையும் ஒரு மாநிலத்தின் கணக்கில் அளப்பது குறித்த சொற்பொழிவின் அச்சு வடிவம்

அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்து மக்களும் எதற்கு எவ்வளவு செலவழித்தார்கள் என்று ஆண்டுதோறும் ஒரு கணக்கு வெளியாகிறது. அந்நாட்டு வணிகத் துறையின் கீழுள்ள பொருளாதாரப் பகுப்பாய்வு அலுவலகம் அதைத் தயாரிக்கிறது. 2015 முதல் அதிகாரபூர்வமாக வெளிவரும் இந்தக் கணக்கின் எண்கள் 1997 வரை பின்னோக்கிப் போகின்றன. கார், மளிகை, துணிமணி, வாடகை, மருத்துவம் என்று நீளும் அட்டவணையின் ஒரு மூலையில், அதிகம் பேர் கண்டுகொள்ளாத மூன்று வரிகள் இருக்கின்றன. ஒன்று, லாப நோக்கற்ற நிறுவனங்களின் மொத்த உற்பத்தி. அடுத்தது, அவை பொருளும் சேவையும் விற்று வாங்கிய பணம். இது கழித்தல் கணக்கில் வரும். மற்றது, கழித்தபின் மிஞ்சும் தொகை.

இன்றைய பேச்சு முழுவதும் இந்த மூன்று வரிகளைப் பற்றியதுதான். ஒரு மாநிலத்தின் ஆஸ்பத்திரிகளும் கல்லூரிகளும் அறக்கட்டளைகளும் அந்த மாநிலத்துக்கு என்ன தருகின்றன என்ற கேள்விக்கு, உலகில் இதுவரை கிடைத்திருக்கும் நேர்மையான விடைகளில் ஒன்று அவற்றில் இருக்கிறது. அந்த விடைக்கு எட்டாத ஒரு முக்கியமான விஷயமும் இருக்கிறது.

முதலில், ஏன் கழிக்க வேண்டும்? மினசோட்டா மாநிலத்தை எடுத்துக்கொள்ளலாம். அங்கே ராச்செஸ்டர் என்று ஓர் ஊர். மக்கள்தொகை ஏறத்தாழ 1,20,000. உலகப் புகழ்பெற்ற மேயோ கிளினிக் அந்த ஊரில்தான் பிறந்தது. மேயோ சகோதரர்கள் 1919இல் தங்கள் சொத்தை ஓர் அறநிறுவனத்திடம் ஒப்படைத்தார்கள். அன்றிலிருந்து அது லாபத்தை யாருக்கும் பிரித்துத் தராத அமைப்பு. இன்று மினசோட்டாவிலேயே அதிகம் பேருக்கு வேலை தரும் தனியார் நிறுவனமும் அதுதான். அங்கே ஒருவர் அறுவை சிகிச்சை செய்துகொண்டு கட்டணம் கட்டினால், அந்தத் தொகை 'வீட்டாரின் மருத்துவச் செலவு' என்ற வரியில் ஏறிவிடுகிறது. அதே சிகிச்சைக்கு மருத்துவமனை செய்த செலவை இன்னொரு வரியில் முழுதாக ஏற்றினால், ஒரே சிகிச்சை இரண்டு சிகிச்சையாகிவிடும். அதனால்தான் விற்பனை வரவைக் கழிக்கிறார்கள். கழித்தபின் மிஞ்சுவது, யாரும் விலை கொடுத்து வாங்காத சேவை. நன்கொடையாலும் மானியத்தாலும் வைப்புநிதி வட்டியாலும் ஊருக்குக் கிடைத்தது அது.

விற்பனை என்ற சொல் தொண்டு நிறுவனத்தோடு ஒட்டாததுபோல் பலருக்குத் தோன்றும். தொண்டு என்றாலே உண்டியலும் நன்கொடை ரசீதும்தான் நினைவுக்கு வருகின்றன. உண்மை நிலவரம் வேறு. அமெரிக்கப் பொதுத்தொண்டு நிறுவனங்களின் வருமானத்தை நகர்ப்புற ஆய்வு நிறுவனம் 2013ஆம் ஆண்டுக்குப் பிரித்துப் பார்த்தது. தனியாரிடமிருந்து கட்டணமாக வந்தது 47.5 சதவீதம். சேவைக்காக அரசு கட்டிய கட்டணம் 24.5 சதவீதம். அரசு மானியம் 8 சதவீதம். தனியார் நன்கொடை 13.3 சதவீதம் மட்டுமே. நூறு டாலர் வரவில் எழுபதுக்கும் மேல் ஏதோ ஒரு சேவையை விற்று வந்த பணம். ஆஸ்பத்திரி பில், கல்லூரிக் கட்டணம், அருங்காட்சியக டிக்கெட் எல்லாம் இதில் அடக்கம்.

அடுத்து, அந்த 'மொத்த உற்பத்தி'யை எப்படி அளப்பது? கடை வைத்திருப்பவர் என்ன உற்பத்தி செய்தார் என்பதை அவருடைய விற்பனை சொல்லிவிடும். பசித்தவர்களுக்குச் சோறு போடும் கூடத்துக்கு விற்பனையே கிடையாது. அதற்காக அங்கே எதுவும் நடக்கவில்லை என்று எழுத முடியுமா? ஆகவே புள்ளியியலாளர்கள் செலவையே உற்பத்தியாக வைத்துக்கொள்கிறார்கள். சம்பளம், வாங்கிய சாமான், மின்கட்டணம், கட்டடத்தின் தேய்மானம் எல்லாவற்றையும் கூட்டினால் வருவதே அந்த நிறுவனத்தின் உற்பத்தி. வேறு வழியில்லாத ஏற்பாடு இது. ஆனால் இதில் ஒரு வினோதம் ஒளிந்திருக்கிறது. ஆயிரம் ரூபாயில் செய்த வேலையை ஒரு நிறுவனம் புத்திசாலித்தனமாக அறுநூறு ரூபாயில் முடித்தால், அன்றைய விலையில் போடும் கணக்கில் அதன் உற்பத்தி சுருங்கிவிடும்.

இந்த வினோதத்தைக் கிட்டத்தில் பார்க்க மதுரையைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது.

டாக்டர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கண்புரை எடுத்தபின் கண்ணுக்குள் வைக்கும் செயற்கை லென்ஸ் அப்போது வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். ஏழை நோயாளிக்கு அந்த விலை எட்டாது. 1992இல் ஆரோலேப் என்ற தனி அறக்கட்டளை அமைப்பு மதுரையிலேயே லென்ஸ் தயாரிக்க ஆரம்பித்தது. நூறு டாலரை ஒட்டி விற்ற பொருள் பத்து டாலர் அளவுக்கு வந்தது. பிறகு இன்னும் இறங்கியது. இன்று அந்த லென்ஸ் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகிறது.

லென்ஸ் செய்வது ஒரு லாப நோக்கற்ற அமைப்பு. அதை வாங்குவது இன்னொன்று. இரண்டையும் மாநிலக் கணக்கில் எப்படி எழுதுவது? எண்களை வாதத்துக்காக வைத்துக்கொள்வோம். லென்ஸின் விலை 500 ரூபாய். அதில் 200 ரூபாய் மூலப்பொருள். மீதி 300 சம்பளமும் இயந்திரத் தேய்மானமும். மருத்துவமனையில் அறுவை சிகிச்சைக் கட்டணம் 10,000 ரூபாய். அதில் லென்ஸுக்கு 500, மருந்துக்கும் மின்சாரத்துக்கும் 2,500, மீதி 7,000 டாக்டர்கள், செவிலியர்கள், ஊழியர்களின் சம்பளம் முதலானவை. இரண்டு அமைப்புகளின் விற்பனையையும் கூட்டினால் 10,500 வரும். செலவுகளைக் கூட்டினாலும் 10,500தான். இரண்டு கூட்டலிலும் லென்ஸ் இரண்டு முறை எண்ணப்பட்டிருக்கிறது. மூலப்பொருளும் மருந்தும் மின்சாரமும் வேறு யாரோ உற்பத்தி செய்தவை. அவையும் உள்ளே புகுந்துவிட்டன. இந்த இரண்டு அமைப்புகளும் தாங்களாக உண்டாக்கிய மதிப்பு 300உம் 7,000உம் சேர்ந்து 7,300 ரூபாய். மாநிலத்தின் மொத்த உற்பத்தியில் இந்த அமைப்புகளின் பேரில் ஏற வேண்டிய தொகை அதுவே. விழா மேடைகளிலும் ஆண்டறிக்கைகளிலும் 'எங்கள் துறை இத்தனை ஆயிரம் கோடி செலவழிக்கிறது' என்று சொல்லப்படும்போது, அந்த எண்ணை அப்படியே மாநில உற்பத்தியோடு ஒப்பிடக் கூடாது என்பதற்கு இந்தச் சிறிய கணக்கே போதும்.

இப்போது அடுத்த கட்டிலுக்குப் போகலாம். அரவிந்தில் பெரும் பகுதியினர் இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ சிகிச்சை பெறுகிறார்கள். கிராமத்து முகாமில் கண்டறியப்பட்டு, பஸ்ஸில் அழைத்து வரப்பட்டு, அறுவை முடிந்து, சாப்பாடும் கொடுத்துத் திருப்பி அனுப்பப்படுகிறவர்கள் அவர்கள். அதற்கான பணம் பெரும்பாலும் கட்டணம் கட்டும் நோயாளிகளிடமிருந்து வருகிறது. மறுபடியும் வாதத்துக்காக ஓர் எண்: கட்டணம் கட்டியவர் 20,000 ரூபாய் தருகிறார், அவருக்கு 10,000 செலவாகிறது, மீதி 10,000இல் இன்னொருவருக்கு இலவச அறுவை. மூன்று வரிகளை எழுதிப் பாருங்கள். உற்பத்தி 20,000. விற்பனை வரவு 20,000. மிச்சம் பூஜ்யம்.

ஒரு முதியவருக்கு ஒரு பைசா வாங்காமல் பார்வை கொடுத்தாயிற்று. கணக்கோ, ஊருக்கு இலவசமாக எதுவும் தரப்படவில்லை என்கிறது. வெளியிலிருந்து வந்த நன்கொடையால் நடக்கும் தானம் மூன்றாவது வரியில் தெரியும். தன் உழைப்பின் விற்பனையிலிருந்தே எடுத்துக் கொடுத்த தானம் அங்கே தெரியாது. விற்பனை வரவு செலவை மிஞ்சிவிட்டால் அந்த வரி பூஜ்யத்துக்கும் கீழே இறங்கும். தமிழ்நாட்டுக்கு இது சின்ன விஷயம் இல்லை. இங்கே பெயர்பெற்ற தொண்டு மருத்துவமனைகள் பல, வசதி உள்ளவரிடம் வாங்கி இல்லாதவருக்குச் செய்யும் வழியில்தான் நடக்கின்றன. அவற்றை அமெரிக்க அட்டவணையின் அச்சிலேயே அளந்தால், சிறந்து செயல்படுபவைதான் முதலில் கண்ணிலிருந்து மறையும். ரூபாய்க் கணக்கோடு எத்தனை கண்கள், எத்தனை பிரசவங்கள், எத்தனை மாணவர்கள் என்ற எண்ணிக்கைக் கணக்கும் கூடவே ஓடவேண்டும் என்பது இதனால்தான். லென்ஸ் விலை பத்தில் ஒரு பங்காகக் குறைந்தபோது, அதே எண்ணிக்கையில் விற்ற லென்ஸுக்கு வந்த ரூபாயும் பத்தில் ஒரு பங்காகிவிடும். பார்வை பெற்றவர்களின் எண்ணிக்கை மட்டுமே நடந்ததைச் சரியாகச் சொல்லும்.

சர்வதேச விதிகள் இன்னொரு சிக்கலைச் சேர்க்கின்றன. ஐ.நா.வின் தேசியக் கணக்கு முறையின்படி, ஒரு லாப நோக்கற்ற அமைப்பு பொருளாதார ரீதியில் பொருட்படுத்தத்தக்க விலைக்குச் சேவையை விற்றால், அது கம்பெனிகளோடு சேர்த்து வைக்கப்படும். அரசின் கட்டுப்பாட்டில் இருந்தால் அரசுத் துறைக்குள் போகும். எஞ்சியவை மட்டுமே 'வீட்டாருக்குச் சேவை செய்யும் லாப நோக்கற்ற நிறுவனங்கள்' என்ற தனிப் பெட்டியில் நிற்கும். எது பொருட்படுத்தத்தக்க விலை? உற்பத்திச் செலவில் பாதிக்கு மேல் விற்பனையால் ஈடாகிறதா என்று ஐரோப்பிய ஒன்றியம் பார்க்கிறது. அந்த அளவுகோலில் பெரிய தொண்டு மருத்துவமனைகள் பெரும்பாலும் கம்பெனிப் பக்கம் போய்விடும். அமெரிக்கா அவற்றைத் தனிப் பெட்டியிலேயே வைத்திருக்கிறது; அதன் எண்ணையும் பிற நாடுகளின் எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடும்போது இந்த வேறுபாட்டை மறக்கக் கூடாது. இந்தியாவிலோ தேசியக் கணக்கின் தனியார் நுகர்வுச் செலவில் வீட்டாரும் இந்த நிறுவனங்களும் ஒன்றாகவே கலந்து கிடக்கிறார்கள்.

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் லெஸ்டர் சாலமன் இந்தச் சிதறலுக்கு எதிராகப் பல ஆண்டுகள் போராடினார். எங்கெங்கோ பிரிந்து கிடக்கும் அமைப்புகளைத் திரும்ப ஒரே இடத்தில் சேர்த்துக் காட்டும் துணைக் கணக்கு ஒன்றை ஒவ்வொரு நாடும் போட வேண்டும் என்ற ஐ.நா. கையேடு 2003இல் வந்தது. தன்னார்வலர்களின் உழைப்பையும் சேர்த்துக்கொண்ட திருத்திய கையேடு 2018இல் வந்தது. கூலி வாங்காமல் முகாமில் பெயர் எழுதும் கல்லூரி மாணவியின் ஒரு மணி நேரத்துக்கும் அதில் இடம் உண்டு.

வேலூருக்குப் போனால் கேள்வி வேறு வடிவம் எடுக்கிறது. ஐடா ஸ்கடர் 1900இல் ஒற்றைப் படுக்கையோடு ஆரம்பித்த மருத்துவச் சேவைதான் இன்றைய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அதைச் சுற்றியுள்ள காந்தி ரோட்டுப் பகுதியில் நடந்தால் கடைப் பலகைகளில் வங்காள எழுத்தைப் பார்க்கலாம். மேற்கு வங்கத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வரும் குடும்பங்கள் லாட்ஜ் எடுத்து நாள்கணக்கில் தங்குகின்றன. அவர்களுக்காகவே மீன்குழம்பும் சோறும் போடும் மெஸ்கள் இருக்கின்றன. கொல்கத்தாக் குடும்பம் கட்டும் மருத்துவக் கட்டணம் எந்த மாநிலத்துக் கணக்கு? உற்பத்தி நடந்த இடம் வேலூர். எனவே தமிழ்நாட்டின் மொத்த உற்பத்தியில் அது சேரும். நுகர்ந்தவர் மேற்கு வங்கத்தவர்; அமெரிக்க மாநில நுகர்வுக் கணக்கின் முறையைப் பின்பற்றினால் அது அவருடைய மாநிலத்து நுகர்வு. ராச்செஸ்டருக்கு வரும் வெளிமாநில நோயாளியின் நிலையும் இதேதான். லாட்ஜ்காரரின் வருமானமோ மருத்துவமனையின் எந்தப் புத்தகத்திலும் இருக்காது.

இந்த இடத்தில்தான் பெருக்கிகள் நுழைகின்றன. ஒரு துறை வாங்குவது இன்னொரு துறை விற்பதாக இருக்கும் உறவை உள்ளீட்டு-வெளியீட்டு அட்டவணையாக வகுத்தவர் வாசிலி லியோன்டிஃப். 1973இல் அதற்காக நோபல் பரிசு பெற்றார். அந்த அட்டவணையை வைத்து மருத்துவமனையின் ஒரு ரூபாய்ச் செலவு, லாண்டரிக்காரர் வழியாகவும் ஊழியரின் மளிகைக் கடை வழியாகவும் மாநிலத்துக்குள் எத்தனை ரூபாய் நடமாட்டமாக மாறுகிறது என்று கணக்கிடலாம். அமெரிக்காவில் ரிம்ஸ்-2, இம்ப்ளான் ஆகிய இரண்டு கருவிகள் இதற்குப் பரவலாகப் பயன்படுகின்றன. கருவிகளில் குற்றமில்லை. அவற்றின் முன் வைக்கும் கேள்விதான் பெரும்பாலும் தவறிப்போகிறது. மதுரைக்காரர் ஒருவர் உள்ளூர்த் தொண்டு மருத்துவமனையில் கட்டிய பணம், அது இல்லாவிட்டால் உள்ளூரிலேயே வேறொரு மருத்துவமனைக்குப் போயிருக்கும். அந்தப் பணத்தைப் பெருக்கியால் பெருக்கி 'எங்களால் உருவான பொருளாதாரம்' என்று சொல்வது நியாயமாகாது. கொல்கத்தாவிலிருந்து வந்த பணத்துக்கு அப்படிச் சொல்லலாம். அதிலும் இமாச்சலப் பிரதேசத்தின் பத்தி நகரில் தயாரான மருந்துக்கும் வெளிநாட்டு ஸ்கேன் இயந்திரத்துக்கும் போன பங்கைக் கழித்துவிட்டுத்தான். தொண்டு நிறுவனங்களின் உண்மையான பங்கே போதுமான அளவு பெரியது; ஊதிப் பெருக்கிய எண் ஒருநாள் உடையும்போது உண்மையான எண்ணையும் சேர்த்து யாரும் நம்பமாட்டார்கள்.

வருமான வரிக் கணக்கை வைத்துச் செலவை அளந்துவிடலாமே என்று தோன்றலாம். அங்கேயும் எச்சரிக்கை வேண்டும். வரிவிலக்குப் பெற்ற அறக்கட்டளை தன் வருமானத்தில் 85 சதவீதத்தை நோக்கத்துக்காகப் பயன்படுத்தியிருக்க வேண்டும். அந்தப் 'பயன்பாட்டில்' புதிய வார்டு கட்டியதும் சேரும். இன்னோர் அறக்கட்டளைக்குக் கொடுத்த நன்கொடையின் பெரும் பகுதியும் சேரும். முன்னது முதலீடு, அதை அந்த ஆண்டின் நடப்புச் செலவாகக் காட்ட முடியாது. பின்னதோ ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறிய பணம். வாங்கியவர் செலவழிக்கும்போதுதான் அது சேவையாகிறது. வெளிநாட்டு நன்கொடையில் இந்தக் கைமாற்றம் ஒரு காலத்தில் சகஜம். பெரிய அமைப்பு வாங்கி, சிறிய அமைப்புகளுக்குப் பகிர்ந்து கொடுக்கும். 2020இல் வந்த சட்டத் திருத்தம் அந்தப் பகிர்வை முற்றாகத் தடுத்தது. இரட்டை எண்ணிக்கைக்கான ஒரு வழி அடைபட்டது. கிராமத்துச் சிறிய அமைப்புகள் பலவற்றுக்குப் பணம் வந்த வழியும் அதோடு அடைபட்டது.

இவையெல்லாம் அமைப்புகளின் பட்டியல் கையில் இருந்தால் எழும் கேள்விகள். பட்டியல் எங்கே?

மத்தியப் புள்ளியியல் அலுவலகம் ஒருமுறை முயன்று பார்த்தது. 2008 வரை பதிவான சங்கங்களைப் பதிவேடுகளிலிருந்து திரட்டியபோது நாடு முழுவதும் ஏறத்தாழ 31.7 லட்சம் தேறின. பிறகு முகவரி தேடி ஆட்கள் போனார்கள். நேரில் சரிபார்க்க எடுத்துக்கொண்டவை 22 லட்சத்துக்கும் மேல். கண்டுபிடிக்க முடிந்தவை சுமார் 7 லட்சம். மூன்றில் இரண்டு பங்கு, பதிவு எண்ணாக மட்டுமே இருந்தது. தமிழ்நாட்டில் 1975ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஒவ்வொரு சங்கமும் ஆண்டுதோறும் மாவட்டப் பதிவாளரிடம் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். தாக்கல் செய்யாமல் ஓய்ந்துபோன சங்கத்தின் பெயர் பதிவேட்டில் இருந்துகொண்டே இருக்கும். பதிவுகளின் எண்ணிக்கையைச் சராசரிச் செலவால் பெருக்கி ஒரு மாநிலத்தின் தொண்டுத் துறையை மதிப்பிட முயன்றால், இல்லாத அமைப்புகளின் செலவுதான் அதில் பெரும் பங்காக இருக்கும்.

எதிர்ப்பக்கத்துப் பிழையும் உண்டு: இருக்கும் அமைப்பே கண்ணில் படாமல் போவது. அமெரிக்காவில் தேவாலயங்கள் ஆண்டுக் கணக்குப் படிவம் கொடுக்க வேண்டியதில்லை. ஆண்டு வரவு வழக்கமாக 50,000 டாலருக்கு மேல் போகாத அமைப்புகள் ஒரு சுருக்கமான மின்-அஞ்சலட்டை அனுப்பினால் போதும். இங்கே கோயில்கள் இன்னும் சிக்கலான கேள்வி. அறநிலையத் துறையின் செயல் அலுவலர் நிர்வகிக்கும் கோயில், அரசிடமிருந்து விலகி நிற்கும் தன்னாட்சி அமைப்பா? சர்வதேச வரையறையின் முதன்மையான நிபந்தனைகளில் அதுவும் ஒன்று. ஆனால் பழனி அடிவாரத்தில் தேவஸ்தான ஸ்டாலில் பஞ்சாமிர்த டப்பா விற்பது விற்பனை என்பதில் சந்தேகமில்லை. வாழைப்பழம் விற்ற விவசாயியின் வரவும் நாட்டுச் சர்க்கரைக்காரரின் வரவும் அதன் பின்னால் இருக்கின்றன. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பிரசாதம், எந்தப் பெட்டியில் போட்டாலும் மாநில உற்பத்தியின் பகுதிதான். கோயில்களை மற்ற அமைப்புகளோடு கலக்காமல் தனி வரியாகக் காட்டுவதே தெளிவு.

மாநிலத்தில் என்ன செய்யலாம் என்பதற்கு அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் அலுவலகம் ஒரு வழி காட்டியிருக்கிறது. புதிதாக எந்தக் கணக்கெடுப்பும் அது நடத்தவில்லை. வேலையிழப்புக் காப்பீட்டுக்காக ஒவ்வொரு பணியிடமும் ஏற்கெனவே தரும் ஆள் எண்ணிக்கை, சம்பள விவரம் ஒரு பக்கம். வரித்துறையிடம் இருக்கும் வரிவிலக்கு அமைப்புகளின் பட்டியல் மறுபக்கம். நிறுவன அடையாள எண்ணை வைத்து இரண்டையும் பொருத்தியது. 2022ஆம் ஆண்டுக்கு வந்த விடை: 1.28 கோடி வேலைகள், தனியார் துறை வேலைகளில் 9.9 சதவீதம். இதில் கவனிக்க வேண்டியது, கணக்கு பணியிடம்வாரியானது என்பது. மேயோவின் அரிசோனா, புளோரிடா வளாகங்களில் வேலை செய்பவர்கள் அந்தந்த மாநிலத்தில் எண்ணப்படுகிறார்கள். தலைமையகத்தின் வரிப் படிவத்தை மட்டும் பார்த்தால் எல்லாம் ஒரே ஊரில் குவிந்து நிற்கும். மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட அரவிந்துக்குப் புதுச்சேரியிலும் திருப்பதியிலும் மருத்துவமனைகள் இருக்கின்றன. தமிழ்நாட்டுக் கணக்கில் அவை வரக் கூடாது. வெளிமாநில அறக்கட்டளைகள் தமிழ்நாட்டில் நடத்தும் பள்ளிகளும் மருத்துவமனைகளும் வர வேண்டும்.

அதேபோன்ற இரண்டு பட்டியல்கள் இங்கேயும் இருக்கின்றன. அறக்கட்டளைகளும் சங்கங்களும் வருமான வரித் துறைக்குத் தரும் ஐடிஆர்-7 படிவத்தில் பான் எண்ணும் வரவுசெலவும் இருக்கின்றன. வருங்கால வைப்புநிதி நிறுவனத்திடம் பணியாளர் எண்ணிக்கையும் சம்பளமும் இருக்கின்றன. தனியொரு அமைப்பின் விவரம் வெளியே போகாதபடி, மாவட்டவாரியான மொத்தங்களை மட்டும் மாநிலப் பொருளியல் புள்ளியியல் துறைக்குத் தர ஏற்பாடு செய்தால், முதல் வரைவு ஒன்று தயாராகிவிடும். கட்டணவரவு, அரசு தந்தது, நன்கொடை, வெளிமாநிலத்தாரிடமிருந்து வந்தது, இலவசமாகச் செய்தவற்றின் எண்ணிக்கை என்ற ஐந்தும் அதில் தனித்தனியாக வேண்டும். வைப்புநிதிச் சட்டம் பொதுவாக 20 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடங்களுக்கே பொருந்தும். ஆகவே இரண்டு ஆசிரியைகளும் ஓர் ஆயாவும் உள்ள சிறப்புப் பள்ளியும், நான்கு பேர் நடத்தும் முதியோர் இல்லமும் இந்தப் பொருத்தலில் விழாது. அவற்றுக்கு மட்டும் ஊர்ஊராக மாதிரிக் கணக்கெடுப்பு வேண்டும். கேள்வித்தாளோடு போகிறவர் முதலில் கேட்க வேண்டியது எவ்வளவு நன்கொடை வந்தது என்பதை அல்ல; போன மாதம் யார் யாருக்கு என்ன செய்தீர்கள், அதில் எத்தனை பேர் பணம் கட்டினார்கள் என்பதை.